வரைபடத்தை மாற்றலாமா?

வீட்டிலேயே ஆகாய விமானம் கட்டுவது என்றால் கேட்பவர்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றும். கட்டில் செய்யலாம், அலமாரி செய்யலாம், பழைய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டலாம். விமானம் செய்ய இயலுமா என்பார்கள். இயலும். பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தாமே விமானத்தை வடிவமைத்தவர்கள் அல்லர். அனுபவமுள்ள ஒருவர் வரைந்து, கட்டி, பறந்து பார்த்த விமானத்தின் வரைபடங்களை விலைக்கு வாங்கி, அவற்றின்படி மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் உழைத்துக் கட்டியவர்கள். அமெரிக்காவில் 1953ஆம் ஆண்டில் சிறு குழுவாகத் தொடங்கிய பரிசோதனை விமானச் சங்கம் இன்று இத்தகையோரின் பெருஞ்சபையாக வளர்ந்திருக்கிறது.

இப்படிக் கட்டுகிறவர்களிடையே தீராத வழக்கு ஒன்று உண்டு. வரைபடத்தில் கண்டபடியே, ஓர் ஆணிகூட மாறாமல் கட்ட வேண்டுமா? அல்லது நம் அறிவுக்கும் தேவைக்கும் ஏற்றவாறு மாற்றிக்கொள்ளலாமா? ஒரு கட்சியார், "எளிமையைக் கெடுக்காதே, வரைந்தவன் மூடனல்லன்" என்கிறார்கள். மற்றொரு கட்சியார், "மாற்றம் இல்லையேல் முன்னேற்றம் ஏது? ரைட் சகோதரர்களின் விமானத்தையே இன்றும் கட்டிக்கொண்டிருப்போமா?" என்று கேட்கிறார்கள். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. அலமாரியின் கதவு கோணலானால் அதைக் கழற்றித் திருப்பிப் பூட்டலாம். விமானத்தில் செய்த தவறு பெரும்பாலும் தரையில் தெரிவதில்லை. முந்நூறு மீட்டர் உயரத்தில்தான் தெரிகிறது.

புனே நகரில் வாழும் தமிழர்களுக்கு இவ்வழக்கில் தனிப்பட்ட அக்கறை உண்டு என்று எண்ணுகிறேன். நம் பாட்டனார் காலத்தில் பூனா என்று வழங்கிய இந்நகரம் கைத்தொழிலின் நகரம். கிர்க்கியில் 1869ஆம் ஆண்டிலேயே வெடிமருந்துத் தொழிற்சாலை ஏற்பட்டது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி ஆகிய இடங்களில் பட்டறையில்லாத தெரு அரிது. கிர்க்கியிலும் ராஸ்தா பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில் பிட்டர், டர்னர், வெல்டர், வரைவாளர் என ஒருவராவது இல்லாத வீடு குறைவு. இத்தகைய கைகளுக்கு ஒரு சிறு விமானத்தைக் கட்டுவது எட்டாத காரியம் அன்று.

புனேக்கு ஆகாயத்தோடு உள்ள உறவும் பழையது. நகரின் கிழக்கே ஹடப்சரில் அரசாங்கத்தின் கிளைடர் பயிற்சி நிலையம் அமைந்தது. எஞ்சின் இல்லாத கிளைடரைக் கம்பிவடத்தால் இழுத்து மேலே ஏற்றுவதையும், அது ஓசையின்றி வட்டமிட்டு இறங்குவதையும் இந்நகரத்தார் நீண்ட காலமாகக் கண்டுவந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கென்று உருவான கிளைடர்களில் குறிப்பிடத்தக்க சிலவற்றை வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம் என்பதை இங்கே நினைவுகூரலாம். சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப நிலையத்தில் அவர் வடிவமைத்த அசுவினி 1958லும், ரோகிணி 1961லும், கார்த்திக் 1963லும் முதன்முதலாகப் பறந்தன. அசுவினியும் ரோகிணியும் நட்சத்திரப் பெயர்கள், உடலோ மரம். பயில்கிறவனும் பயிற்றுகிறவனும் பக்கத்தில் பக்கமாக அமரும் ரோகிணியில் ஆடம்பரம் எதுவும் இல்லை. பயிற்சிக் கழகங்களுக்கு வேண்டியதும் அந்த எளிமையே.

இனி வழக்குக்கு வருவோம். மாற்றும் ஆசை யாருக்கு அதிகம் வருகிறது? ஒன்றும் தெரியாதவனுக்கு வருவதில்லை. அவன் வரைபடத்தைப் பார்த்து அஞ்சி, சொன்னபடி செய்கிறான். கை தேர்ந்தவனுக்கே அந்த ஆசை மிகுதி. முப்பது ஆண்டுகள் இரும்போடு பழகியவன் வரைபடத்தில் ஒரு மெல்லிய தகட்டைக் காண்கிறான். "இது போதாது, இன்னும் கனமாகப் போடுவோம்" என்று அவன் கை தானே சொல்கிறது. பட்டறையில் அந்தக் கை சொல்வது சரியே. அங்கே கனம் என்பது உறுதி; உறுதி என்பது நன்மை. விமானத்தில் அப்படியன்று. அங்கே தேவைக்கு மேற்பட்ட ஒவ்வொரு கிராமும் கடன்; அதற்கு வட்டி ஒவ்வொரு முறை பறக்கும்போதும் கட்ட வேண்டும்.

ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடம் ஒரு குறிப்பிட்ட அளவுள்ள போல்ட்டைச் சொல்கிறது. கட்டுகிறவர் அதைவிடத் தடித்த போல்ட்டைப் போடுகிறார். உறுதி கூடியது என்று மகிழ்கிறார். ஆனால் தடித்த போல்ட்டுக்குப் பெரிய துளை வேண்டும். அத்துளை இறக்கையின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்திலிருந்து மரத்தையோ உலோகத்தையோ கூடுதலாக எடுத்துவிடுகிறது. போல்ட் வலுத்தது, சட்டம் மெலிந்தது. முறிவது சட்டம்தான். ஓர் இணைப்பை மட்டும் விறைப்பாக்கினால், அது தன் பங்குக்கு மேற்பட்ட சுமையை இழுத்துக்கொள்ளவும் கூடும். அடுத்த இணைப்பு எதிர்பாராத விசைக்கு ஆளாகும். வரைந்தவர் எல்லா உறுப்புகளையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுக் கணக்கிட்டிருக்கிறார். நாம் காண்பது ஓர் உறுப்பு. அவர் கண்டது முழு உடல்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். நம் ஊர்க் கிணற்றில் ஏற்றம் மிதிப்பவனைப் பார்த்திருப்பீர்கள், அல்லது பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். துலாவின் மேல் அவன் சில அடிகள் முன்னே நடந்தால் ஒரு பக்கம் தாழ்கிறது. பின்னே வந்தால் மறுபக்கம் தாழ்கிறது. அவன் எடை மாறவில்லை, இடம்தான் மாறியது. விமானமும் அத்தகைய துலாவே. ஐந்நூறு கிலோ எடையுள்ள சிறு விமானம் ஒன்றில், கையால் சுழற்றி எஞ்சினைக் கிளப்புவது தொல்லை என்று எண்ணி ஒருவர் மின்சார ஸ்டார்ட்டர் பொருத்துகிறார். அதற்குரிய 5 கிலோ பாட்டரியை, வேறு இடமில்லாமல், எடை மையத்துக்கு 2 மீட்டர் பின்னால் வைக்கிறார். அந்த ஒரு பொருளால் எடை மையம் ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் பின்னால் நகர்கிறது. ஒன்றரை மீட்டர் அகலமுள்ள இறக்கையில் எடை மையம் நடமாடக்கூடிய எல்லை பெரும்பாலும் 15 முதல் 20 சென்டிமீட்டருக்குள் அடங்கும். பத்தில் ஒரு பங்கை ஒரு பாட்டரி தின்றுவிட்டது. இத்தகைய வசதிகள் இன்னும் நான்கு சேர்ந்தால் என்ன ஆகும்? எடை மையம் எல்லைக்குப் பின்னே போன விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழந்தால் அதை மீட்பது அரிது.

புனேயில் கட்டுகிறவருக்கு வேறொரு நெருக்கடியும் உண்டு. இந்நகரம் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்துப் பகலில் வெயில் 38 பாகை செல்சியஸைத் தொடும்போது இங்குள்ள காற்று, குளிர்ந்த நாளில் 1500 மீட்டர் உயரத்தில் உள்ள காற்றைப் போல மெலிந்துவிடுகிறது. எஞ்சின் தன் பலத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கை இழக்கிறது; காற்றாடியும் இறக்கையும் அதே அளவில் நலிவடைகின்றன. கடற்கரை நாட்டில் துள்ளியெழும் விமானம் இங்கே ஓடுதளத்தின் கோடிவரை ஓடுகிறது. ஆகவே, "இந்த ஊருக்குப் பெரிய எஞ்சின் போட்டே தீர வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அது வெறும் ஆசையன்று, காரணமுள்ள பேச்சு.

காரணம் இருக்கிறது, அதன் பலனையும் கணக்கிட வேண்டும். எஞ்சினின் பலத்தை இரு மடங்காக்கினால் வேகம் இரு மடங்காகாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு விரைந்து பெருகுவதால், பலம் இரட்டித்தாலும் மட்டமாகப் பறக்கும் வேகம் நூற்றுக்கு 26 பங்குதான் கூடும். மணிக்கு 150 கிலோமீட்டர் போனது ஏறக்குறைய 190 போகும். மேலேறும் ஆற்றல் நன்றாகக் கூடும் என்பது உண்மை. ஆனால் பெரிய எஞ்சின் கனமானது. அதைத் தாங்கும் சட்டம் கனக்க வேண்டும். மூக்கு தாழ்வதைச் சரிசெய்ய வாலில் எடை சேர்க்க வேண்டும். அதிகம் குடிக்கும் எஞ்சினுக்குப் பெரிய பெட்ரோல் தொட்டி வேண்டும். இவை யாவற்றையும் சுமந்து இறங்க உறுதியான சக்கரங்கள் வேண்டும். மொத்த எடை நூற்றுக்குப் பத்துக் கூடினால், இறக்கை தாங்கக்கூடிய மிகக் குறைந்த வேகம் நூற்றுக்கு ஐந்து கூடும். எஞ்சின் பழையதாகவே இருந்தால் எழும்புவதற்கு ஓட வேண்டிய தூரம் நூற்றுக்கு இருபது கூடும். புதிய பலத்தில் ஒரு பகுதி இந்த இழப்பை ஈடுசெய்வதிலேயே போய்விடும். அதற்கு மேல், வரைந்தவர் எண்ணிப் பாராத வேகத்தில் பறக்கும்போது, காற்றில் கொடி படபடப்பதுபோல் வாலும் இறக்கையின் ஓரப் பலகைகளும் படபடத்துச் சில நொடிகளில் பிய்ந்துபோகக் கூடும். அப்பலகைகளுக்கு அழகுக்காகக் கூடுதலாக ஒரு பூச்சு வண்ணம் அடித்தாலே அவற்றின் நிறையைச் சமன்செய்து பார்க்க வேண்டும் என்பது இத்தொழிலின் விதி.

இதே குறைக்கு எளிய மாற்று ஒன்று உண்டு. அதிகாலையில் பறப்பது, தொட்டியை நிரப்பாமல் பயணத்துக்கும் சேமிப்புக்கும் வேண்டிய அளவு மட்டும் ஊற்றுவது, வெயில் ஏறிய பிறகு துணைக்கு ஆளின்றித் தனியே செல்வது, கட்டும்போதே அலங்கார இருக்கை, கனத்த விரிப்பு, வேண்டாத கருவிகள் ஆகியவற்றை விலக்குவது. இதற்குச் செலவில்லை, வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை. பெரிய எஞ்சினை வாங்குமுன் இந்தச் சிக்கனத்தைச் செய்து பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது.

நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு மாற்றம் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ரூட்டான் வரைந்த லாங்-ஈசி என்னும் விமானம் 1979இல் முதலில் பறந்தது. சிறு இறக்கை முன்னும் பெரிய இறக்கை பின்னுமாக அமைந்த அது, வீட்டில் கட்டுவோரிடையே பெரும்புகழ் பெற்றது. அதில் இரண்டு பெட்ரோல் தொட்டிகள் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வால்வின் கைப்பிடியை ரூட்டான் விமானியின் முன்னால், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்தார். ஒரு விமானத்தைக் கட்டியவர், பெட்ரோல் குழாய் விமானி அமரும் அறைக்குள் வருவது அபாயம் என்று கருதி, அந்த வால்வை விமானியின் இடத்தோளுக்குப் பின்னால் அமைத்துவிட்டார். நெருப்புக்கு அஞ்சிச் செய்த காரியம். யாரும் குறை சொல்ல முடியாத எண்ணம். அவ்விமானம் கைமாறியது. 1997ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள், அதைப் புதிதாக வாங்கியிருந்த புகழ்பெற்ற பாடகர் ஜான் டென்வர், கலிபோர்னியாவின் மான்டரே கடற்கரையில் பறந்துகொண்டிருந்தார். தொட்டியை மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கைப்பிடியைப் பிடிக்க வேண்டுமானால் உடலைத் திருப்பிப் பின்னால் கை நீட்ட வேண்டும். அப்படித் திரும்பும்போது வலக்கால் சுக்கான் மிதியை அழுத்திவிட நேரும். விமானம் கட்டுப்பாடிழந்து கடலில் விழுந்தது, அவர் உயிரிழந்தார்.

விசாரணை செய்த அமெரிக்கப் பாதுகாப்பு வாரியம் காரணங்களைப் பிரித்துக் காட்டியது. புறப்படுமுன் பெட்ரோல் நிலையைச் சரியாகத் திட்டமிடாதது, அவ்வகை விமானத்தில் போதிய பழக்கம் இல்லாதது, கைப்பிடியிலும் அளவு காட்டியிலும் குறியீடுகள் இல்லாதது ஆகியவற்றோடு, எட்டாத இடத்தில் கைப்பிடியை வைத்த கட்டுநரின் முடிவும் அப்பட்டியலில் இடம்பெற்றது. மாற்றம் ஓர் அபாயத்தை நீக்கியது. மற்றோர் அபாயத்தை உண்டாக்கியது. மாற்றியவருக்கு அதன் இயல்பு தெரியும். அடுத்து வந்தவருக்குத் தெரியாது. விமானம் நம் காலத்துக்குப் பின்னும் பிறர் கையில் பறக்கும் என்பதை மாற்றுகிறவர் முதலில் நினைக்க வேண்டும்.

இவ்வளவில் நிறுத்தினால் வழக்கின் ஒரு பக்கத்தையே சொன்னவனாவேன். வரைபடம் வேதம் அன்று. அதையும் ஒரு சான்றால் காட்டலாம். பிரான்சு நாட்டில் ஹென்றி மிஞே என்பவர் 1933இல் மிகச் சிறிய விமானம் ஒன்றைக் கட்டிப் பறந்தார். அதற்கு அவர் தம் மொழியில் 'ஆகாயப் பேன்' என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் அதைப் 'பறக்கும் தெள்ளுப்பூச்சி' என்றார்கள். எவரும் தம் வீட்டில் கட்டலாம் என்று அவர் 1934இல் நூல் வெளியிட்டவுடன் ஐரோப்பா முழுவதும் அந்த ஆர்வம் தீயெனப் பரவியது. அதைவிட எளிய விமானத்தை எண்ணிப் பார்ப்பதே கடினம். ஆயினும் விரைவில் உயிரிழப்புகள் நேர்ந்தன. 1936இல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் முழு விமானத்தையே காற்றுக்குகையில் வைத்துச் சோதித்தார்கள். முன்னும் பின்னுமாக நெருங்கி நின்ற இரண்டு இறக்கைகளுக்கு இடையே இருந்த சந்துதான் குற்றவாளி என்று தெரிந்தது. விமானம் ஓர் அளவுக்கு மேல் மூக்கைத் தாழ்த்திவிட்டால், பின்னிறக்கையின் தூக்கும் விசை மிகுந்து அதை மேலும் தாழ்த்தும். விமானி கைப்பிடியை எவ்வளவு இழுத்தாலும் மீளாது. வரைபடத்தை அணுவளவும் மாறாமல் பின்பற்றியவரையும் அது காப்பாற்றாது. அங்கே மாற்றமே மருந்து. மிஞே தம் பிற்கால விமானங்களில் அமைப்பைத் திருத்தினார்.

ஆகையால் எளிமை வேறு, சரியாயிருத்தல் வேறு. எளிமையான ஒன்று தவறாகவும் இருக்கலாம். அப்படியானால் நாம் எதை நம்புவது? பலர் பல ஆண்டுகள் பறந்து காட்டிய அனுபவத்தை நம்ப வேண்டும். அந்த அனுபவம் குறிப்பிட்ட அந்த அமைப்புக்கே உரியது. நாம் ஓர் உறுப்பை மாற்றிய அன்றே அந்த அனுபவச் சொத்தின் ஒரு பகுதியை இழந்துவிடுகிறோம்; அதை நாமே மீண்டும் சம்பாதிக்க வேண்டும். அமெரிக்க விதிகள் இதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. வீட்டில் கட்டிய விமானம் வழக்கமாக முதல் 25 அல்லது 40 மணி நேரம் மக்கள் நெருக்கமில்லாத குறிப்பிட்ட எல்லைக்குள் பறந்து சோதிக்கப்பட வேண்டும். பின்னர் பெரிய மாற்றம் எதைச் செய்தாலும் மீண்டும் சோதனைப் பறப்பு வேண்டும்.

மாற்றத்தைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த பெர்னார்டு பீட்டன்பால் தாமாகவே கற்றவர். 1920களின் இறுதியில், மலிவாகக் கிடைத்த போர்டு மோட்டார் காரின் எஞ்சினை வைத்து, மரத்தாலும் துணியாலும் ஓர் இரட்டை இருக்கை விமானத்தை அமைத்தார். 1932இல் அதன் வரைபடங்கள் அச்சில் வந்தன. இன்றும் அதைக் கட்டுகிறார்கள். பின்னாளில், 1960களில், வேறொரு கார் எஞ்சினை அவரே ஏற்றார். அந்த எஞ்சின் எடை குறைந்தது. அவர் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை. எடை மையம் சரியாக அமைய உடற்பகுதியையும் நீட்டி வரைந்தார். ஒன்றை மாற்றினால் அதனோடு சேர்ந்தவற்றையும் மாற்ற வேண்டும் என்பதை அறிந்தவரின் செயல் அது.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உண்டு. பெங்களூரில் வி. எம். காட்கேயின் தலைமையில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை உருவாக்கிய புஷ்பக் 1958இல் பறந்தது. அமெரிக்காவின் ஏரோங்கா விமானத்தின் அமைப்பைத் தழுவியது அது, இருவர் அமரக்கூடியது, 90 குதிரைச் சக்தி எஞ்சின் உடையது. நம் பறக்கும் கழகங்களில் பல்லாண்டுகள் மாணவர்களைப் பயிற்றியது. அதைவிடப் பெரிய விமானம் வேண்டும் என்று வந்தபோது, புஷ்பக்கிலேயே பெரிய எஞ்சினைத் திணிக்கவில்லை. கிருஷக் என்னும் வேறொரு விமானத்தை உருவாக்கினார்கள். அதே பெங்களூரில் உள்ள தேசிய ஆய்வுக்கூடம், ரூட்டானின் லாங்-ஈசியை அடிப்படையாகக் கொண்ட ஆராய்ச்சி விமானம் ஒன்றை 1987இல் பறக்கவிட்டது. பின்னர் தன் சொந்த வடிவமான ஹன்சாவை 1993இல் பறக்கவிட்டது. முதலில் பிறர் கண்ட வழியில் நடந்து பழகி, பிறகு தனிவழி காண்பது அந்தப் பெரிய நிலையத்துக்கே ஏற்றதாக இருந்திருக்கிறது.

தொடக்கத்திலிருந்தே தனிவழி செல்லத் துணிந்தவரும் நம் அருகில் உண்டு. மும்பை கண்டிவலியில் தாம் வாழ்ந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டிய விமானி அமோல் யாதவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2016 பிப்ரவரியில் மும்பைக் கண்காட்சியில் மக்கள் அதைக் கண்டு வியந்தார்கள். சிவில் விமானத் தலைமை இயக்குநரகத்தின் பதிவு 2017 நவம்பரில் கிடைத்தது. சோதனையாகப் பறக்க அனுமதி 2019 அக்டோபரில்தான் வந்தது. அவருடைய விடாமுயற்சி போற்றத்தக்கது. அதே சமயம், முன் அனுபவம் இல்லாத புதிய அமைப்புக்குக் காலமும் பொறுமையும் எவ்வளவு வேண்டும் என்பதை இந்த ஆண்டுக் கணக்கே சொல்லும். சான்றளிக்க வேண்டிய அதிகாரிக்கும் பறந்து பழகிய அமைப்பு என்றால் ஒப்பிட்டுப் பார்க்க ஆதாரம் இருக்கும். முற்றிலும் புதியது என்றால் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து ஆராய வேண்டும்.

இத்தனையும் பார்த்தபின் என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் விமானத்தை வரைபடத்தின்படியே கட்டுங்கள். கட்டி முடித்து, முறைப்படி அனுமதி பெற்று, ஒரு பருவம் முழுவதும் பறந்து பாருங்கள். அப்போது, கட்டும்போது குறையாகத் தோன்றியவற்றுள் பல குறையே அல்ல என்று தெரியவரும். எஞ்சியவைதாம் மெய்யான குறைகள். அவற்றைத் திருத்த முற்படும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதலாவது, இந்த மாற்றம் எதற்காக? பறப்பதற்கா, பார்ப்பவர் மெச்சுவதற்கா? இரண்டாவது, வரைந்தவர் ஏன் அப்படி வைத்தார் என்பது எனக்குத் தெரியுமா? தெரியாவிட்டால், அவர் உயிரோடிருந்தால் அவரையும், இல்லையேல் அதே விமானத்தைக் கட்டிப் பறப்பவர்களையும் எழுதிக் கேட்க வேண்டும். காரணம் தெரியாத ஒன்றை நீக்குவது, பழைய வீட்டில் எதைத் தாங்குகிறது என்று அறியாமல் ஒரு தூணை எடுப்பதற்கு ஒப்பாகும். மூன்றாவது, இதனால் எவ்வளவு எடை கூடுகிறது, எந்த இடத்தில் கூடுகிறது? எண்ணத்தால் அளக்காமல் தராசால் அளக்க வேண்டும். நான்காவது, ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேல் மாற்றுகிறேனா? இரண்டை மாற்றினால் எதன் விளைவு எது என்று பிரித்தறிய இயலாது. ஐந்தாவது, செய்ததை எழுதி வைத்தேனா? நாளை இவ்விமானத்தில் ஏறப்போகிறவர், அவர் என் மகனாகவும் இருக்கலாம், அதைப் படித்தறிய வேண்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. மாற்றங்களால் விழுந்த விமானங்களைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். மாற்றங்களால் ஒருநாளும் எழும்பாமலே போன விமானங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அவை கொட்டகைகளில் தூசு படிந்து கிடக்கின்றன. கட்டத் தொடங்கியவர் ஒரு கருவியைப் பெரிதாக்கினார், அதற்காகப் பலகையை மாற்றினார், பலகைக்காகச் சட்டத்தை மாற்றினார், ஆண்டுகள் ஓடின, பிள்ளைகள் வளர்ந்தார்கள், கண்பார்வை மங்கியது. பட்டறையில் எட்டு மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, மாலையில் இரண்டு மணி நேரம் தமக்கென ஒதுக்குகிற ஒருவருக்குக் காலமே பெரிய மூலதனம். எளிமை அந்த மூலதனத்தைக் காக்கிறது.

தன் கைத்திறனைக் காட்ட இதில் இடமில்லையே என்று நல்ல தொழிலாளர் வருந்த வேண்டியதில்லை. வரைபடம் கேட்கும் அளவுக்குத் துல்லியமாக ஒரு துளையிடுவதும், ஒட்டுப்பலகையின் விளிம்பில் பசை ஓரிடத்திலும் விட்டுப்போகாமல் பூசுவதும், வெல்டிங்கில் ஒரு மயிரிழைப் பிளவும் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் சிறிய திறமை அல்ல. வடிவமைத்தவர் காகிதத்தில் எழுதிய உறுதி மெய்யான உறுதியாக ஆவது அந்தக் கையில்தான். கிர்க்கியிலோ பிம்ப்ரியிலோ நாளெல்லாம் அளவுக்கு ஏற்ப வேலை செய்து பழகிய நம்மவர்களுக்கு அது கைவந்த கலை. ஒரு நூல் அளவும் பிசகாமல் செய்து முடித்த எளிய விமானம் ஒன்று, ஒருநாள் அதிகாலைக் குளிர்காற்றில் தக்காணத்து மண்ணை விட்டுத் தயக்கமின்றி எழும்புமானால், அதைக் கட்டியவர் தம் திறமையைக் காட்டிவிட்டார் என்றே நான் கொள்வேன்.